ஏரிக்கரைய சொரண்டறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க

பஞ்சாயத்து பிரசிடென்ட் அக்காவுக்கும், எங்க வார்டு மெம்பர் அண்ணனுக்கும், செக்ரட்டரி சாருக்கும், பயோடைவர்சிட்டி (பல்லுயிர்) கமிட்டின்னு ஆபீஸ் செவுத்துல பேர் எழுதியிருக்கற அத்தன பேருக்கும் வணக்கமுங்க.

நான் ஏரிக்கர தெருவுல தையல் கட வெச்சிருக்கறவ. பிரசிடென்ட் அக்கா, நீங்க ஓட்டுக் கேட்டு வந்தப்ப உங்க பொண்ணுக்கு பாவாட அளவு எடுத்தது நானுதான், ஞாபகம் இருக்கும். மனுவா எழுதி ஆபீஸ்ல குடுத்தா நம்பர் போட்டு ஒரு ரசீது தருவாங்க, அந்த ரசீது எங்கிட்ட ஏற்கனவே ரெண்டு கெடக்கு, அதனால இந்த தடவ எல்லாரும் படிக்கற மாதிரி எழுதிப் போடறேன். மலையாளத்துலயே எழுதிரலாமான்னு யோசிச்சேன். பேச நல்லா வரும், எழுதுனா நாலாங்கிளாஸ் புள்ள எழுதுன மாதிரி இருக்கும். அதவிட நான் சொல்லப்போற செடி பேரெல்லாம் எனக்கு தமிழ்லதான் வாயில வருது. நம்ம பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா கெழக்கால பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம், பாதி வீட்டுல இதான நெலம, உங்களுக்கு தெரியாததா.

விசயம் இதுதான். மார்கழி கடைசில, பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கறப்ப, ஏரிக்கரையவும் வாய்க்கா மேட்டையும் க்ளீன் பண்றோம்னு ஒரு ஜேசிபியும் பதினெட்டு தொழிலுறப்பு (நூறுநாள் வேல) அக்காமாரும் வந்தாங்க. மூணு நாள் வேல. நாலாவது நாள் காலைல கடைய தொறக்கறேன், எதுக்க கரை பழனில மொட்ட போட்டுட்டு வந்த தல மாதிரி இருக்கு. அத க்ரூப்புல படம் போட்டீங்க, முன்னால பின்னாலன்னு ரெண்டு படம், பின்னாடி பாட்டு வேற. கைதட்டுனவங்கள நான் தப்பு சொல்லல. பிளாஸ்டிக் போச்சு, பீர் பாட்டில் போச்சு, பன்னி படுத்திருந்த பொதரு போச்சு, அதுக்கு நானும் மனசார நன்றி சொல்றேன். ஆனா அதோட சேந்து வேற என்னென்ன போச்சுன்னு ஒருத்தராவது பாத்தீங்களா?

ஒரு வார்த்தைலயே கோளாறு இருக்குன்னு எனக்கு தோணுது. நீங்க 'காடு வெட்டறது'ன்னு சொல்றீங்க, அந்த மிசினுக்கே காடுவெட்டு யந்த்ரம்னுதான் பேரு. மலையாளத்துல காடுன்னா வேண்டாதது மண்டிக் கெடக்கறது. எங்க வீட்டுப் பேச்சுல காடுன்னா சோறு போடற நெலம். "காட்டுக்கு போயிட்டு வர்றேன்"னு எங்கம்மாயி, அதான் அம்மாவப் பெத்தவங்க, சொன்னா கடல கொத்த போறாங்கன்னு அர்த்தம், புலி பாக்க போறாங்கன்னு இல்ல. ஒரே சொல்லு, ரெண்டு பேரு ரெண்டு விதமா புரிஞ்சுக்கறோம், நடுவுல செடி போயிருச்சு.

அம்மாயிக்கு இப்ப எம்பத்தோரு வயசு. காப்புக்கட்டு அன்னிக்கு காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு மஞ்சப்பைய எடுத்துட்டு கரைக்கு போனாங்க. வேற ஜில்லாவுல இருந்து மாத்தலாகி வந்த சாருங்களுக்கு தெரியாம இருக்கலாம், அதனால சொல்றேன், பொங்கலுக்கு மொத நாள் எங்க வீடுகள்ல காப்புக் கட்டுவோம். பூளப்பூ, ஆவாரம்பூ, வேப்பல, மூணையும் சேத்து ஒரு பிடி கட்டு, சில வீட்டுல மாவெலயும் பெரண்டையும் சேப்பாங்க. வாசல் நெலவுக்கு மேல ஒண்ணு, மாட்டுக் கொட்டாய்க்கு ஒண்ணு, கெணத்து மேட்டுக்கு ஒண்ணு, காட்டுல ஒரு மூலைக்கு ஒண்ணு. இது கட்டாம எங்க ஊட்டுல பொங்கப்பான அடுப்புல ஏறாது. பூள தெரியுமில்லைங்க, மொழங்கால் ஒசரம்தான் வரும், தண்டு பூரா வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி பூத்து நிக்கும், பனில நனஞ்சிருந்தா கைய வெச்சதும் சில்லுன்னு இருக்கும். அத வேரோட புடுங்குனா அம்மாயி கைலயே ஒண்ணு போடுவாங்க. கணுவுக்கு மேல ஒடிக்கணும், ஒடிச்சத அந்த எடத்துலயே ஒரு ஒதறு ஒதறணும், அப்பத்தான் அடுத்த வருசத்துக்கு வெத விழும். இத எனக்கு சொல்லிக் குடுக்கறப்ப எனக்கு ஏழு வயசு, இப்ப என் பையனுக்கு சொல்லிக் குடுக்க கரைல செடி இல்ல.

எட்டு மணிக்கு திரும்பி வந்தாங்க. பைக்குள்ள கோயில் பின்னால ஒளிஞ்சு நின்ன நாலு பூளக் குச்சி, அவ்வளவுதான். நான் மத்தியானம் பஸ் ஏறி பொள்ளாச்சி போயி ஒரு கட்டு இருவது ரூவா, மூணு கட்டு வாங்கிட்டு வந்தேன். வேற ஏதோ ஊரு பொறம்போக்குல வேரோட புடுங்குனது, பஸ்ல வர்றதுக்குள்ள பாதி பூ கொட்டிருச்சு. அம்மாயி வாங்கி திருப்பித் திருப்பி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அவங்க திட்டுனா எனக்கு பயமில்ல, பேசாம இருந்தாத்தான் வயித்துல புளியக் கரைக்கும்.

இது என்னமோ தமிழாளுங்க பண்டிக பிரச்சனன்னு நெனச்சிராதீங்க. பொங்கலுக்கு கேரள சர்க்கார் ஆறு ஜில்லாவுக்கு லீவே விடுது, அதுல நம்ம பாலக்காடும் ஒண்ணு, அந்த மரியாத எல்லாம் இருக்கு. நான் சொல்றது வேற. நாங்க பூளைங்கறத தான் நீங்க செறூளங்கறீங்க. கர்க்கடக வாவுக்கு, அதான் ஆடி அமாவாசைக்கு, பலி போடறப்ப எள்ளு, தர்ப்ப கூட எதுங்க வெக்கறீங்க? அதே செறூள. தசபுஷ்பம்னு நீங்க சொல்ற பத்துச் செடில ஒண்ணு அது. மத்த ஒம்போதையும் பாருங்க, கறுக எங்களுக்கு அருகம்புல்லு, கையோன்னி எங்களுக்கு கரிசலாங்கண்ணி, உழிஞ்ஞ எங்களுக்கு முடக்கத்தான், நிலப்பன நிலப்பனையேதான், முயல்செவியன் முயல்செவி, விஷ்ணுக்ராந்தி ரெண்டு பாசைலயும் அதுவே. பூவாங்குறுந்தல், முக்குற்றி, திருதாளி இந்த மூணும் எங்க பக்கம் அவ்வளவா பொழக்கத்துல இல்ல, ஆனா பக்கத்து வீட்டு சேச்சி வந்து தேடிட்டு போறத பாத்திருக்கேன். அவங்க தலைல சூடுவாங்க, நாங்க எண்ண காய்ச்சுவோம், தோசைக்கு அரைப்போம். ஒரே கரை, ஒரே செடி, ரெண்டு பாசை, ரெண்டு மாசம். ஆடி மாசம் அவங்களுக்கு வேணும், தை மாசம் எங்களுக்கு வேணும். நடுவுல ஓணத்துக்கு தும்பப்பூ, அது புள்ளைங்களுக்கு. இப்ப ஓணப்பூவுக்கும் தமிழ்நாட்டுல இருந்து வர்ற செண்டுமல்லிதான் கிலோ கணக்குல, அத நீங்களும் வாங்கறீங்க நானும் வாங்கறேன்.

இதெல்லாம் பண்டிக சமாச்சாரம், அன்னாடம் என்ன ஆச்சுன்னு கேட்டா அதையும் சொல்றேன். மதகுக்கு பக்கத்துல ஒரு நொச்சிப் பொதரு இருந்துச்சு, எங்க தெருவுக்கே அது ஒரு மருந்துக்கட. சளி புடிச்சா நாலு கொத்து ஒடிச்சு வெந்நீல போட்டு வேது புடிக்கறது, சாயங்காலம் கொசுவுக்கு காஞ்ச தழைய மூட்டம் போடறது, ராகி மூட்டைக்குள்ள பூச்சி வராம நாலு எல போட்டு வெக்கறது. அதோட வேருதான் மதகு மண்ண புடிச்சிட்டிருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது, போன வாரம் ஆளியாத்து தண்ணி வாய்க்கால்ல வந்துச்சில்ல, மதகுக்கு தெக்க ரெண்டு எடத்துல மண்ணு சரிஞ்சு கெடக்கு, போயி பாருங்க. பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி வருசத்துக்கு 7.25 டிஎம்சி நமக்கு வரணும்னு தமிழ்நாட்டோட சண்ட புடிக்கறோம், சரி, புடிக்க வேண்டியதுதான். வந்த தண்ணிய நிறுத்தற கரைய நாமளே பொத்தலாக்கிட்டு யார கேக்கறது?

ஆட்டுக்கார பாட்டி ஒருத்தங்க இருக்காங்க, ஒம்போது ஆடு. வெயில் காலத்துல அதுங்களுக்கு கரையோர உசிலந்தழையும் கோவக்கொடியும்தான் தீவனம். உசில மரத்த நீங்க வெட்டல, கௌய மட்டும் கழிச்சு விட்டுட்டீங்க, ஆனா கைக்கு எட்டற கௌ பூராம் போச்சு. எங்களுக்கு அந்த தழைய நெழல்ல காய வெச்சு இடிச்சா அரப்பு. சனிக்கெழம எண்ண தேச்சு அரப்பு போட்டுக் குளிச்ச முடியோட வாசம் ஷாம்புல வராதுங்க, இது பெருமைக்கு சொல்லல, ஷாம்பு ஒரு பாக்கெட் ரெண்டு ரூவான்னாலும் அஞ்சு பொம்பளைங்க இருக்கற வீட்டுல மாசம் எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போடுங்க.

பெரண்டைய பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அது போனதுக்குத்தான் நான் அதிகமா அழுதேன், சிரிக்காதீங்க. வாய்க்கா மேட்டு வேலில கிளுவ மரத்து மேல ஏறி மொத்தமா படந்திருந்துச்சு. அதுல நுனி மூணு கணு மட்டுந்தான் துவையலுக்கு ஆகும், அதுக்கு கீழ முத்தல், நாரு. கைல நல்லெண்ண தடவிக்காம ஒடிச்சா ரெண்டு மணி நேரம் கை அரிக்கும். நாலு பக்கத்து நாரையும் உரிச்சு, பொடிசா நறுக்கி, எண்ணைல போட்டு பச்ச நெறம் போயி பழுப்பு வர்ற வரைக்கும் வதக்கணும், அவசரப்பட்டு எறக்குனா நாக்கு பூரா முள்ளு குத்துன மாதிரி இருக்கும், அப்பறம் புளி தாராளமா, வரமொளகா, உளுந்து, கொஞ்சம் தேங்கா. எங்க மாமியாருக்கு வயிறு மந்தமா இருந்தா வேற எதுவும் எறங்காது, இது மட்டும் சுடு சோத்துல ரெண்டு உருண்ட எறங்கும். கடைல இப்ப பெரண்ட ஊறுகா டப்பால விக்கறாங்க, ருசி பரவால்ல, வெலைய பாத்தா ஒரு ஜாக்கெட் தைக்கற கூலி.

நான் ஒண்ணும் பச்சிலை பைத்தியம் இல்லைங்க. ஆவார பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோன்னு பழமொழி சொல்லியே எங்க மாமா ஒருத்தர் சுகர் மாத்திரைய நிறுத்திட்டு பூவ கொதிக்க வெச்சுக் குடிச்சாரு, ஆறு மாசத்துல கால்ல புண்ணு, ஒரு வெரல எடுக்க வேண்டியதா போச்சு. பாம்பு கடிச்சா வேரத் தேடாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நான் கேக்கறது வைத்தியம் இல்ல. சாப்பாடு, தீவனம், வெறகு, கயிறு, வேலி, கொசு மூட்டம், சாமிக்கு பூவு, இதெல்லாம் காசில்லாம கெடச்சுட்டு இருந்த எடம் அது. பஞ்சாயத்து கணக்குல அது சும்மா கெடக்கற பொறம்போக்கு.

பனைக்கு வர்றேன். கரைல இருந்த பெரிய பனை எதையும் நீங்க தொடல, சந்தோசம். ஆனா வடலி, அதான் சின்னப் பனங்கன்னு, ஏழு இருந்துச்சு, ஏழையும் ஜேசிபி வாரிருச்சு, அந்த டிரைவர் தம்பிக்கு அது ஏதோ முள்ளுச் செடின்னு நெனப்பு. ஒரு வடலி இடுப்பு ஒசரம் வர்றதுக்கே எத்தன வருசம்னு அவனுக்கு எப்படித் தெரியும், பனங்கொட்ட மொளைக்கறப்ப மேல வராம மொதல்ல மண்ணுக்கு கீழதான் போகும், அதுதான நாம புடுங்கி வேகவெச்சு திங்கற கெழங்கு, அத தாண்டி பொழச்சு வந்தா வருசக் கணக்குல வெறும் ஓலையாத்தான் நிக்கும், தண்டே வராது, பாள விடறதுக்கு பதினஞ்சு வருசம்கூட ஆகும், அதுவரைக்கும் ஆம்பளப் பனையா பொம்பளப் பனையான்னு கூட யாராலயும் சொல்ல முடியாது. தென்ன வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பன வெச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சும்மாவா சொன்னாங்க. அந்த ஏழும் எங்க அப்புச்சி, அம்மாயி வீட்டுக்காரரு, கண்ண மூடறதுக்கு முந்தின வருசம் கொட்ட பொதச்சது. அவரு பாத்துட்டுக்கூட போகல.

பாலக்காடுன்னாலே கரிம்பனன்னு சொல்றோம், வர்றவங்க எல்லாம் சாயங்காலம் வெயில்ல பனைய படம் புடிக்கறாங்க, கணவாய் காத்துல ஓல சலசலன்னு அடிக்கறத வீடியோ எடுக்கறாங்க. ஆனா படத்துல இருக்கறது எல்லாம் கெழட்டுப் பனை, கீழ குட்டி இருக்கான்னு குனிஞ்சு பாத்தா இல்ல. பாதிய செங்கச் சூளைக்கு வெட்டியாச்சு, ஏற ஆளும் இல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளுக்கு தட, எறக்குனா கேசு, இந்தப் பக்கம் லைசென்சு வாங்கி எறக்கறோம், நம்ம சித்தூர்ல இருந்து கள்ளு வண்டி தெனமும் கேரளா பூரா போகுது. அப்படியிருந்தும் பனைக்கு அவங்கதான் முந்திக்கிட்டாங்க பாருங்க. பன அவங்களுக்கு மாநில மரம், 2021 வேளாண் பட்ஜெட்லயே 76 லட்சம் பன வெத குடுக்கறோம்னு சொன்னாங்க, பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னும் சொன்னாங்க. அங்க எவ்வளவு மொளச்சுதுங்கறது அவங்க பாடு, எனக்கு வேணுங்கறது நம்ம ஏரிக்கு ஒரு அம்பது கொட்ட. அதுக்கு டெண்டரும் வேண்டாம், ஆவணி கடைசில பழம் விழுகறப்ப பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள கூட்டிட்டு போனா போதும்.

அப்பறம் அந்த எடத்துல என்ன வெச்சீங்கன்னு பாத்தேன். கம்பி வலைக்குள்ள வரிசையா கோனோகார்பஸ். பச்சையா ஈட்டி மாதிரி நேரா வளரும், பாக்க ஜோரா இருக்கும், ஆடு திங்காதுன்னு சொல்றாங்க, அதுதான் அதோட பெரும. சாமிக்கு பூவு எடுக்க முடியாதது, அத எதுக்குங்க நம்ம கரைல? குஜராத்துல 2023லயே அத நடக்கூடாதுன்னு சர்க்கார் தட போட்டிருக்கு. வெளியூர்ச் செடியே வேண்டாம்னு நான் சண்டைக்கு வரல, கால்ல வெட்டுப்பட்டா நாம கசக்கி வெக்கற வெட்டுக்காயப் பூண்டே அமெரிக்காவுல இருந்து வந்ததுதான், வந்து நம்மாளாயிருச்சு. புடுங்க வேண்டியது கரைல நெறைய இருக்கு. சீமக்கருவேலம் இருக்கு, உண்ணிச்செடி இருக்கு, மேல பட்டா ஒடம்பெல்லாம் தடிக்கற பார்த்தீனியம் இருக்கு. அதுக்கு ஊர்ல காங்கிரஸ் செடின்னு பேரு, அதுக்கு பக்கத்துலயே மண்டிக் கெடக்கறது கம்யூனிஸ்ட் பச்ச. ரெண்டு கட்சியும் நம்ம கரைல கூட்டணி வெச்சிருக்கு, அத மொதல்ல வெட்டுங்க, எதுக்கட்சிக்காரங்ககூட எதுத்துப் பேச மாட்டாங்க. வேடிக்க என்னன்னா ஜேசிபி போனதுக்கப்பறம் அந்த மொட்ட மண்ணுல மொதல்ல தல நீட்டிட்டு இருக்கறது பார்த்தீனியம்தான். பூளைக்கு எடம் போச்சு, அதுக்கு எடம் கெடச்சுருச்சு.

வெட்டுன அக்காமாரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவங்கள்ல பாதிப் பேரு எங்கிட்ட ஜாக்கெட் தைக்கறவங்க, அந்த செடிகள பத்தி என்னவிட நல்லாத் தெரிஞ்சவங்க. ஒரு அக்கா எங்கிட்ட மெதுவா சொன்னாங்க, "வேலிக் கல்லு ஓரத்துல ஒரு தூதுவளக் கொடிய மட்டும் தெரியாத மாதிரி விட்டுட்டேன், அத பாத்துட்டு மேற்பார்வைக்கு வந்தவரு போட்டோல அது விழுகுதுன்னு சத்தம் போட்டாரு, நான் முள்ளு குத்துதுன்னு சொல்லி நகந்துட்டேன்"னு. பதினெட்டு பேரு, ஒவ்வொருத்தர் தலைக்குள்ளயும் முப்பது நாப்பது செடி பேரு இருக்கு, எதுக்கு ஆகும் எப்படி ஒடிக்கணும்னு இருக்கு, அவங்க கைலயே அருவாளக் குடுத்து எல்லாத்தையும் வழிச்சுப் போடுன்னு சொல்லியாச்சு. ஒரு வார்த்த கேட்டிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க எத விடணும்னு.

கேக்கணும்னு சட்டமே இருக்குங்க, நான் கண்டுபுடிச்சதில்ல. 2002ல வந்த பல்லுயிர்ச் சட்டத்துல ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் கமிட்டி இருக்கணும்னு இருக்கு. 2004ல வந்த விதிகள்ல அந்தக் கமிட்டியோட முக்கியமான வேலையே ஊர் ஜனங்கள கலந்துக்கிட்டு ஒரு பதிவேடு தயார் பண்றதுதான்னு இருந்துச்சு, இங்க என்ன செடிகொடி உண்டு, அத யாரு எதுக்கு உபயோகிக்கறாங்கன்னு. கமிட்டில மூணுல ஒரு பங்காவது பொம்பளைங்க இருக்கணும்னும் அதுல இருந்துச்சு. எல்லாப் பஞ்சாயத்துலயும் கமிட்டி போட்டு முடிச்சதுல கேரளா முன்னணின்னு மேடைல பெருமையா பேசறோம். சரின்னு நம்ம ஆபீசுக்கு போயி அந்த ரெஜிஸ்டர பாக்கணும்னு கேட்டேன். இல்லைன்னு சொல்லல, பீரோ மேல இருந்து எடுத்து தூசி தட்டிக் குடுத்தாங்க, நல்ல பைண்டிங். உள்ள செறூளன்னு ஒரு வரி இருக்கு, சயின்ஸ் பேரு இருக்கு, உபயோகம்ங்கற கட்டத்துல 'ஔஷதம்'னு ஒரே ஒரு வார்த்த. பூளன்னு இல்ல, காப்புன்னு இல்ல, பலிக்கு வெக்கறதுன்னுகூட இல்ல. நொச்சிக்கும் ஔஷதம், ஆவாரைக்கும் ஔஷதம். பெரண்டைய காணோம். பனைக்கு நேரா எண்ணிக்கை கட்டம் காலி. எங்க தெருவுல யாரையும் கேட்டதா எனக்கு தெரியல, அம்மாயிய நிச்சயமா கேக்கல, கேட்டிருந்தா ஒரு ரெஜிஸ்டர் பத்தாது.

பொம்பளைங்க வாயில இருக்கறதுக்கெல்லாம் என்ன மதிப்புன்னு நெனைக்கறவங்களுக்கு நம்ம கேரளாவுலயே நடந்தத ஒண்ணு சொல்றேன். 1987ல அகஸ்தியர் மலைப் பக்கம் ஆராய்ச்சிக்கு போன விஞ்ஞானிங்க மலையேற முடியாம மூச்சு வாங்கிட்டு நிக்கறாங்க, கூட வழிகாட்ட வந்த காணிக்காரங்க, அந்த மலைப் பழங்குடிங்க, ஏதோ ஒரு காய மென்னுக்கிட்டு அலுப்பே இல்லாம ஏறிட்டே இருக்காங்க. அது என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் ஆரோக்கியப்பச்ச. பாலோடு தாவரவியல் தோட்டத்துல அத வெச்சு ஜீவனின்னு ஒரு மருந்து செஞ்சாங்க, 1995ல ஒரு கம்பெனிக்கு லைசென்சு குடுத்தாங்க, வந்த பணத்துல பாதி காணிங்களுக்குன்னு முடிவு பண்ணி 1997ல அவங்களுக்குன்னு ஒரு டிரஸ்டே வந்துச்சு. அதுல பின்னாடி ஆயிரம் தகராறு வந்துச்சு, அது வேற கத. எனக்கு அதுல புடிச்சது ஒண்ணுதான், என்ன மெல்லறீங்கன்னு ஒருத்தர் கேட்டாரு பாருங்க, அது. நம்ம ஏரிக்கரைல அந்த மாதிரி கோடி ரூவா மருந்து இருக்குன்னு நான் சொல்ல வரல. இருக்கறது துவையலும் அரப்பும்தான். அதையும் யாராவது கேட்டாத்தான தெரியும். எங்க தெருவவிட எரவாளர் பழங்குடி ஜனங்களுக்கு கெழங்கு, கொடி விவரம் பத்து மடங்கு தெரியும், கேக்கறதுன்னா மொதல்ல அங்க போயி கேளுங்க, எங்கள ரெண்டாவதா கேட்டா போதும்.

பஞ்சாயத்துக்கு இதுக்கெல்லாம் அதிகாரம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க அக்கா. பக்கத்துல பெருமாட்டி பஞ்சாயத்து 2003ல அவ்வளவு பெரிய குளிர்பானக் கம்பெனிக்கு லைசென்சு புதுப்பிக்க மாட்டோம்னு சொல்லல? அடுத்த வருசம் மார்ச்சுல பிளாச்சிமடைல பேக்டரி நின்னுச்சு. அவங்க கம்பெனிய நிறுத்துனாங்க, உங்ககிட்ட நான் கேக்கறது ஒரு ஜேசிபிய கொஞ்ச நாள் தள்ளிப்போட சொல்லி.

கேக்க வந்தது இவ்வளவுதான். கரைல வேல வெக்கறதுக்கு முன்னாடி வார்டுல சொல்லுங்க, அந்த அக்காமாரையும் ரெண்டு வயசானவங்களையும் கூட்டிட்டு ஒரு தடவ நடங்க, விட வேண்டிய செடிக்கு ஒரு செவப்பு துணி கட்டி விட்டுருவோம், துண்டுத்துணி எங்கடைல மூட்டைக் கணக்குல இருக்கு, காசு வேண்டாம். தை மாசத்துக்கு முன்னாடியும் கர்க்கடகத்துக்கு முன்னாடியும் சொரண்டாதீங்க, மாசி பங்குனில வெத கொட்டுனதுக்கப்பறம் வெட்டிக்கோங்க. மதகு ஓரத்துல நொச்சிக் குச்சி நட்டா போதும், தானா வந்துரும், குச்சி நான் தர்றேன். அந்த ரெஜிஸ்டர்ல தமிழ்ப் பேருக்கு ஒரு கட்டம் சேருங்க, உபயோகத்துக்கு இன்னும் கொஞ்சம் பெரிய கட்டமா போடுங்க. எழுதறதுக்கு ஆளில்லைன்னா எங்க குடும்பஸ்ரீ (மகளிர் குழு) யூனிட்ல பன்னெண்டு பேரு இருக்கோம், ரெண்டு பாசையும் எழுதற புள்ள ஒண்ணு டிகிரி முடிச்சுட்டு சும்மாத்தான் இருக்கு, அதுக்கு ஏதாவது சம்பளம் போட்டுக் குடுத்தீங்கன்னா அவங்கம்மாவும் உங்களுக்கு ஓட்டுப் போடுவாங்க.

வர்ற ஞாயித்துக்கெழம காலைல ஆறரைக்கு அம்மாயி கரைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. மெம்பர் அண்ணன் வர்றேன்னு வாய்வார்த்தையா சொல்லிட்டாரு, நீங்களும் வந்தா மதகுல இருந்து ஆரம்பிக்கலாம். டீ எங்க வீட்டுல. செருப்பு போட்டுட்டு வாங்க, ஜேசிபி ஏறாத அந்த வடக்கு மூலைல நெருஞ்சி நல்லா காச்சிருக்கு.

இப்படிக்கு,
ஏரிக்கர தெரு தையக்கடக்காரி